பூட்டியின் கல்யாணப் படத்தில் இருப்பது வெள்ளைச் சேலைதானா?

பாளைப்பேத்தி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தை மாதம் எனக்குக் கல்யாணம், பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத்துக் கிறிஸ்தவக் கோயிலில். மண்டபம், சாப்பாடு, பத்திரிகை எல்லாம் முடிந்துவிட்டது. முடியாமல் நிற்பது சேலை ஒன்றுதான். வெள்ளைப் பட்டும் தலையில் போடும் நெட்டும் தவிர வேறெதையும் அம்மா பார்க்கவே மாட்டேன் என்கிறார். மாப்பிள்ளையின் அம்மாவுக்கோ வெள்ளை என்றதும் முகம் சுருங்குகிறது. அவர்களும் கோயிலுக்குப் போகிறவர்கள்தான்; ஆனாலும் "நல்ல நாளும் அதுவுமாக வெள்ளையா?" என்று கேட்டு, அரக்கு நிறத்தில் தானே எடுத்துத் தருவதாகச் சொல்கிறார்.

இதற்கு நடுவில் பீரோவின் அடித்தட்டில் என் பூட்டியின் கல்யாணப் படம் கிடைத்தது. அம்மாவின் பாட்டி. பூட்டா நாற்காலியில் கோட்டும் தலைப்பாகையுமாக உட்கார்ந்திருக்கிறார். பூட்டி பக்கத்தில் நிற்கிறார்: வெளிர்ந்த சேலை, ஒல்லிக் கரை, தலையிலிருந்து இடுப்பு வரை நெட், கையில் பூச்செண்டு. இதேபோலவே உடுத்திக்கொள்கிறேன் என்று நான் சொன்னதும் இரண்டு பக்கமும் கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

மாமா 1930 என்கிறார். அம்மா, அது உலகச் சண்டை நடந்த காலம், 1940க்குப் பிறகுதான் என்கிறார். படத்தின் பின்னால் எதுவும் எழுதவில்லை. சேலை வெள்ளையா, வேறு நிறமா? எந்த வருடத்து மோஸ்தர்? அந்த ரவிக்கையை இப்போது தைக்க முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ரதவீதி ஆச்சி எழுதியது:

உன் மாமியாரைக் குறை சொல்லாதே தாயி. எங்கள் வீடு நெல்லை டவுனில். எங்கள் பக்கத்தில் வெள்ளை என்பது தாலி இறங்கியவளுக்குக் கொடுத்த நிறம். என் ஆச்சி சின்ன வயதிலேயே வெள்ளைக்குள் போனவள். ஐப்பசித் திருக்கல்யாணத்துக்குக் காந்திமதி அம்மனைப் பார்க்கப் போனால்கூடப் பின்வரிசையில்தான் நிற்பாள். அதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு மணவறையில் வெள்ளை பொறுக்காது. மதம் மாறினாலும் கண் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை.

கூறை என்றால் காஞ்சிபுரம் முழுப்பட்டுதான் என்பதும் பின்னால் வந்தது. என் ஆச்சியின் கூறை மாயவரத்துக் கூறைநாட்டிலிருந்து வந்தது. பட்டும் பருத்தியும் கலந்து நெய்த கட்டம் போட்ட சேலை. அம்மாவுக்குத்தான் காஞ்சிபுரம் அரக்கு. எனக்கு முகூர்த்தத்துக்கு அரக்கு, நாலாம் நீர்ச் சடங்குக்கு எம்.எஸ். நீலம். எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா மேடையில் உடுத்திய நிறம் என்பதால் நீலத்தை யாரும் குறை சொல்லத் துணியவில்லை.

அம்மாவின் கூறை இன்று இல்லை. பழைய பட்டு வாங்க வந்தவரிடம் போட்டுப் பித்தளை அண்டா வாங்கியாயிற்று. சரிகையை எரித்து வெள்ளியை எடுத்துக்கொள்வார்கள். அண்டா இருக்கிறது, வேண்டுமானால் படம் எடுத்துப் போடுகிறேன்!


தையல் டீச்சர் எழுதியது:

மகளே, சேலையைப் பார்த்து வருடம் சொல்ல முடியாது. கரை அகலமாகும், ஒல்லியாகும், மறுபடி அகலமாகும். வருடத்தைக் காட்டிக்கொடுப்பது ரவிக்கைதான். சேலையைப் பேத்திக்குக் கொடுத்துவிடலாம். ரவிக்கையை அப்படிக் கொடுக்க முடியாது. அவளவள் உடம்புக்கு, அந்தந்த வருடத்து மோஸ்தரில் தைத்தாக வேண்டும். நான் பாளையில் பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். என் கண் பாதி போனதே கல்யாண ரவிக்கைக்கு ஹெம்மிங் போட்டுத்தான். பழைய படம் கைக்கு வந்தால் முதலில் தோளைப் பார்ப்பேன், அடுத்துக் கையின் ஓரம், அடுத்துக் கழுத்து. முகம் கடைசியில்தான்.

நூறு வருடத்துக்கு முந்தைய படங்களில் நம் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண்கள் போட்டிருப்பது கிட்டத்தட்ட வெள்ளைக்காரச் சட்டை. கழுத்தை மூடிய காலர், மணிக்கட்டு வரை கை, ஓரமெல்லாம் லேஸ், தோளில் முந்தானையை நிறுத்த ஒரு புரூச். பிறகு கை முழங்கைக்கு ஏறியது. முப்பதுகளின் கடைசியில் தோளில் சுருக்கு வைத்த பஃப் கை வந்து ஐம்பதுகள் வரை ஆட்சி செய்தது. அறுபதுகளில் பஃப் அடங்கிக் கை உடம்போடு ஒட்டியது. சிலருக்கு முன்னால் இருந்த ஹூக் முதுகுக்குப் போனது. எழுபதுகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. முழங்கை வரை ஒரே கை. தைத்தவளுக்கும் சலிப்பு, போட்டவளுக்கும் சலிப்பு.

1981 ஜூலையில் டயானா கல்யாணம் நடந்தது. பத்திரிகைகளில் படம் வந்ததும் பஃப் திரும்பி வந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்து "இதே மாதிரி" என்று நின்ற பிள்ளைகள் உண்டு. டயானாவின் கவுனுக்கு வால் மட்டும் 25 அடி. இவர்கள் என்னிடம் கொடுத்த துணி 80 சென்டிமீட்டர்.

இப்போது ஆரி வேலைக் காலம். முதுகில் பல்லக்கு, யானை, மாப்பிள்ளையின் பெயர். சேலையைவிட ரவிக்கைக்குச் செலவு கூடிப்போன தலைமுறை இதுதான் என்று நினைக்கிறேன். எனக்குப் பிடிக்கவில்லை. கல்லும் மணியும் தைத்த கையைத் தூக்கி ஒரு தடவை கும்பிட்டால் போதும், முந்தானைப் பட்டில் இழை இழுத்துக்கொண்டு வருகிறது.

வெள்ளைக்கு வருகிறேன். ரதவீதி அக்கா சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் வெள்ளையை ஐரோப்பாவின் ஆதிகாலத்து வழக்கம் என்று நம் கோயில்களில் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. அங்கும் நெடுங்காலம் மணப்பெண் தன்னிடம் இருப்பதில் நல்ல உடுப்பைப் போட்டாள். நீலமோ சிவப்போ பழுப்போ, சில ஊர்களில் கறுப்புகூட. 1558இல் ஸ்காட்லாந்து ராணி மேரி பாரிசில் வெள்ளை உடுத்திக் கல்யாணம் செய்தாள். பிரெஞ்சு அரச குடும்பத்துப் பெண்களுக்கு அப்போது அதுதான் துக்கத்தின் நிறம். டவுன் ஆச்சிமார் அங்கே இருந்திருந்தால் பின்வரிசையில் முணுமுணுத்திருப்பார்கள்.

வெள்ளைக்கு மவுசு கொடுத்தவள் விக்டோரியா ராணி. 1840 பிப்ரவரி 10. துணி ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்களின் சாட்டின். லேஸ் டெவன் பக்கத்து ஹானிட்டன் லேஸ். மிஷின் லேஸ் வந்து கைலேஸ் பின்னும் பெண்கள் பிழைப்பில்லாமல் இருந்த நேரம் அது. அவர்களுக்கு வேலை கிடைக்கட்டும் என்றுதான் ராணி அந்த லேஸைக் கேட்டு வாங்கினாள். தலையில் கிரீடம் இல்லை, ஆரஞ்சுப் பூ வளையம்தான். அதற்குப் பிறகும் எல்லாரும் உடனே வெள்ளைக்கு மாறிவிடவில்லை. ஒரே நாளுக்கு ஒரு வெள்ளை உடுப்பு என்பது வசதி உள்ள வீட்டுக்குத்தான் கட்டுப்படியாகும்.

ஹானிட்டன் லேஸ் தலையணை லேஸ் வகை. கெட்டியான தலையணைமேல் மாதிரித் தாளை விரித்து, கோடு போகும் வழியெல்லாம் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சின்ன மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. அதே வகை வேலை நம் இடையன்குடியிலும் உண்டு. நாகர்கோவிலில் மிஷனரி மால்ட்டின் மனைவி பெண்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். அவர்கள் மகள் எலைசா 1844இல் கால்டுவெல்லைக் கட்டிக்கொண்டு இடையன்குடிக்கு வந்தார். லேஸ் தலையணையும் தேரிக்காட்டுக்கு வந்துவிட்டது. ஆகவே உன் பூட்டியின் ரவிக்கை ஓரத்தில் லேஸ் இருந்தால் அது கப்பலில்தான் வந்திருக்கவேண்டும் என்பதில்லை. நடந்து போகிற தூரத்தில் இருந்தும் வந்திருக்கலாம்.

படத்தைப் பெரிதாக்கிப் பார். தோளில் பஃப் இருக்கிறதா? நெட் தலையை விட்டு விறைத்து நிற்கிறதா, துவண்டு விழுகிறதா? காது எப்படி இருக்கிறது? மூன்றையும் சொல்.


ஸ்டூடியோ வாரிசு எழுதியது:

நிறம் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். எங்கள் தாத்தா ஸ்டூடியோ நடத்தியவர். அன்றைய கண்ணாடித் தகடுகளிலும் பிலிமிலும் ஆர்த்தோகுரோமேட்டிக் என்று ஒரு வகை. அதற்குச் சிவப்பு தெரியாது. இருட்டறையில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டே கழுவலாம் என்பதால் ஸ்டூடியோக்காரர்களுக்கு அது வசதி. ஆனால் அதில் சிவப்பும் அரக்கும் ஏறக்குறைய கறுப்பாக விழும், இளநீலம் வெளுத்து வெள்ளையாகிவிடும்.

ஆகவே உங்கள் பூட்டியின் சேலை அரக்கு இல்லை என்று துணிந்து சொல்லலாம். வெள்ளைதான் என்று அவ்வளவு துணிந்து சொல்ல முடியாது. ஒரு சோதனை இருக்கிறது. பூட்டாவின் சட்டைக் காலரையும் நெட்டையும் சேலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒரே வெளுப்பு என்றால் வெள்ளை, அல்லது இளநீலம். சேலை ஒரு படி மங்கல் என்றால் சந்தன நிறமோ வேறு ஏதாவது வெளிர் நிறமோ. பிரிண்ட் முழுவதும் பழுப்பேறியிருந்தால் பயப்பட வேண்டாம், மூன்றும் சேர்ந்தேதான் பழுத்திருக்கும்.


பாளைப்பேத்தி எழுதியது:

டீச்சர், ஆச்சி, ஸ்டூடியோ அண்ணாச்சி, மூவருக்கும் நன்றி. படத்தை ஸ்கேன் செய்து பெரிதாக்கிப் பார்த்தேன்.

தோளில் பஃப் இருக்கிறது, டயானா அளவுக்கு இல்லை. கை முழங்கைக்கு நன்றாக மேலேயே முடிகிறது, ஓரத்தில் லேஸ். தோளில் புரூச்சும் இருக்கிறது, இலை வடிவம். நெட் முழுவதும் துவண்டு தோளோடு ஒட்டிக் கிடக்கிறது. காதில் சின்னக் கம்மல்தான், காதை இழுத்துத் தொங்கவிடும் பாம்படம் இல்லை. பூட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் வயதான அம்மாளுக்கு மட்டும் காது தோள் வரை தொங்குகிறது.

காலரும் நெட்டும் நல்ல வெளுப்பு, சேலை ஒரு படி மங்கல். அம்மாவிடம் சொன்னேன், நம்பவில்லை.

இன்னொன்று. படம் இருந்த தட்டிலேயே ஒரு பொட்டலத்தில் நெட் ஒன்று இருந்தது, மஞ்சளாகிப் போய். பூட்டியுடையதாக இருக்குமா? அதையே போட்டுக்கொள்ளலாமா?


வீரவநல்லூர் தறி எழுதியது:

சந்தன நிறம் என்றால் ஒரு யோசனை. காஞ்சிபுரம் மட்டும்தான் கல்யாணச் சேலை என்று நினைக்காதீர்கள் சகோதரி. எங்கள் வீரவநல்லூர்ச் செடிபுட்டாவுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சௌராஷ்டிர நெசவாளர்கள் நெய்வது. செடியும் பூவுமாக இருக்கும் புட்டாவைத் தறியில் இருந்தபடியே கையால் போடுவோம். முகூர்த்தத்துக்கு இல்லாவிட்டாலும் மறுவீட்டுக்காவது எடுங்கள். தை மாதம் என்றால் இப்போதே சொல்ல வேண்டும். கடைசி நேரத்தில் வந்து நின்றால் தறியில் ஏற்கெனவே ஓடுவதைத்தான் தர முடியும்.

பக்கத்திலேயே பத்தமடை. பெண் மாப்பிள்ளை பெயரும் கல்யாணத் தேதியும் போட்டுக் கோரைப் பாய் நெய்து தருவார்கள். டீச்சருக்கு முதுகில் பெயர் போடுவது பிடிக்காது, பாயில் போட்டால் ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.


தையல் டீச்சர் எழுதியது:

பாயில் போடலாம், தாராளமாகப் போடலாம். முதுகு பேசக் கூடாது, அவ்வளவுதான்.

மகளே, உன் அம்மா பக்கம்தான் நான். நாற்பதுகள். 1930 என்றால் கை முழங்கை வரை இறங்கியிருக்கும், இவ்வளவு பஃப் இருக்காது. நெட் துவண்டு விழுகிறது என்றாயே, அது பருத்தி நெட். நைலானை உலகத்துக்கு அறிவித்ததே 1938இல். நம் ஊர்க் கடைகளுக்கு நைலான் நெட் வந்து சேர நெடுநாள் ஆனது. வந்த பிறகு எடுத்த படங்களில் நெட் மணப்பெண்ணின் தலைக்கு மேல் தனியாக விறைத்து நிற்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். காதும் ஒத்துப்போகிறது. மிஷன் போர்டிங்கில் படித்த பெண்கள் காது வளர்ப்பதை முன்னதாகவே விட்டுவிட்டார்கள். அந்த அம்மாளின் காதில் ஒரு தலைமுறை, உன் பூட்டியின் காதில் அடுத்த தலைமுறை. இரண்டும் ஒரே படத்தில் நிற்கின்றன. வளர்த்த காதை அறுத்துத் தைத்துக்கொண்டவர்களும் உண்டு. கம்மலுக்குக் கீழே தழும்புக் கோடு இருக்கிறதா என்று பார்.

ஆனால் வருடத்தை என்னிடம் கேட்பதைவிடக் கோயிலில் கேள். 1872ஆம் வருடத்துக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் வந்ததிலிருந்து கல்யாணத்தைப் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். பூட்டி எந்தச் சபையில் தாலி கட்டிக்கொண்டாரோ அந்தச் சபைப் போதகர் ஐயரைப் பார்த்தால் தேதி, வயது, சாட்சிக் கையெழுத்து எல்லாம் கிடைக்கும். படம் அதே நாளில் எடுத்தது என்று மட்டும் எண்ணிவிடாதே. ஸ்டூடியோ இருந்தது டவுனில்; கல்யாண உடுப்பை மறுபடி கட்டிக்கொண்டு வண்டி பிடித்துப் போய்ப் படம் எடுத்தவர்கள் பலர். விக்டோரியா நெட் போட்டு ஆல்பர்ட் பக்கத்தில் நிற்கும் படத்தைக் கல்யாணப் படம் என்று உலகமே சொல்கிறது. அது 1854இல் எடுத்தது, கல்யாணமாகிப் பதினான்கு வருடம் கழித்து.

சேலை விஷயத்தில் நான் ஏதாவது சமரசம் சொல்வேன், சந்தன உடம்புக்கு அரக்குக் கரை என்பேன் என்று நினைத்திருப்பாய். சொல்லமாட்டேன். படத்தில் கரை ஒல்லி, வெளிர். அரக்குக் கரை போட்டால் அது உன் பூட்டியின் சேலை ஆகாது. கோயிலுக்குச் சந்தன நிறப் பட்டு, ஒல்லிச் சரிகைக் கரை. வெள்ளை கேட்ட அம்மாவும் அதில் பாதி ஜெயித்த மாதிரிதான். மாலையில் மாப்பிள்ளை வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும்போது உன் அத்தை எடுத்துத் தந்த அரக்குப் பட்டு. அவர் வீட்டு வாசலில் அவர் எடுத்த நிறம். அதற்குமேல் அவருக்கு என்ன வேண்டும்?

பழைய நெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார். கண்ணெல்லாம் ஆறு மூலையாக, நூல் மங்கலாக, பளபளப்பில்லாமல் இருந்தால் பருத்தி. பூட்டியுடையதாக இருக்க வாய்ப்புண்டு. வெளுக்கும் தூளில் மட்டும் போட்டுவிடாதே, ஒரே ஊறலில் கந்தலாகிவிடும். வெள்ளை மல் துணியில் தொட்டில் மாதிரி ஏந்தித் தண்ணீரில் அமிழ்த்தி எடு, பிழியாதே, நிழலில் துணியோடு விரித்துக் காயவை. தலையில் அதை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க நிற்காதே. ஊக்கு குத்தும் இடத்தில் கிழியும். புதுப் பருத்தி நெட் வாங்கி அடியில் கொடுத்துப் பழையதை மேலே நாலு இடத்தில் தொட்டுத் தைத்துக்கொள்; ஆராதனை முடிந்ததும் கழற்றிவிடு.

ரவிக்கை தைக்கலாம். சேலையோடு வரும் பிட்டில் வேண்டாம், அது கெட்டிப் பட்டு, பஃப் பந்து மாதிரி உப்பும். மெல்லிய பட்டு எடு, உள்ளே மல் லைனிங். தைப்பவரிடம் இப்படிச் சொல்: கையின் தலைப்பில் சுருக்கு மேல்பக்கம் மட்டும், அக்குள் வரைக்கும் கொண்டுபோகக் கூடாது. உள்ளே கேன்வாஸ் வைத்து நிறுத்தக் கூடாது. அக்குளில் சின்னச் சதுரத் துண்டு ஒன்று வைக்கவேண்டும். பழைய ரவிக்கைகளில் அது இருக்கும், கையைத் தூக்கினாலும் இடுப்பில் துணி ஏறாது. இப்போதைய டெய்லர்கள் பலர் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள், தெரியாது என்று சொன்னால் என்னிடம் அனுப்பு. ஹூக் முன்னால். கழுத்து, கை ஓரம் எல்லாம் கையால் ஹெம்மிங். மிஷின் தையல் வெளியே தெரிந்தால் மோஸ்தர் கெட்டது.

லேஸ் இரண்டு கைக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஒன்றரை மீட்டர் போதும். பருத்தி லேஸாக வாங்கு. வாங்கியதும் ஒரு இரவு தண்ணீரில் போட்டு எடுத்துவிட்டு அப்புறம் அளவு வெட்டச் சொல். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே சுருங்கிக் கையைப் பிடிக்கும்.